சொல்லைச் சுமந்து செல்பவர் யார்?
தாம்பரம் வட்டாரத்தில் கைப்பேசியும் மக்கள் இயக்கங்களும் - ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

தாம்பரம் என்னும் பெயர் திருச்சபை வரலாற்றைப் பயில்வோர்க்குப் புதியதன்று. 1938ஆம் ஆண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை அனைத்துலக மிஷனெரி மன்றத்தின் மாநாடு அங்குக் கூடியது. நகரின் நடுவிலிருந்து முந்திய ஆண்டில்தான் குடிபெயர்ந்திருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகமே அதன் களம். மாநாட்டு அறிக்கைகள் 1939இல் ஏழு தொகுதிகளாக அச்சேறின. தாம்பரத்தில் பேசப்பட்ட சொல் உலகின் பிற பகுதிகளை எட்டப் பல மாதங்கள் ஆயின. எனினும் அச்சொல் யாருடையது, எந்த மன்றத்தின் பொறுப்பில் வெளிவந்தது என்பதில் ஐயம் எவர்க்கும் எழவில்லை.

அதே தாம்பரத்தினின்று 2015 டிசம்பரில் புறப்பட்ட சொற்கள் நிமிடங்களில் உலகைச் சுற்றின. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வெள்ளத்தில் சிக்கியோர்க்குப் படகு வேண்டும், உணவு வேண்டும் என்னும் வேண்டுகோள்கள் கைப்பேசிகளின் வழியே கடல் கடந்தன. அவற்றுள் பல உயிர் காத்தன. சில, எழுதியவர் யார், எப்பொழுது எழுதினார் என்பது தெரியாமலே பல நாள் அலைந்து திரிந்தன.

கைப்பேசியையும் சமூக ஊடகத்தையும் மக்கள் இயக்கங்கள் பயன்படுத்திய வரலாற்றை, தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த தமிழகத்தையும் கண்முன் நிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கருவி நல்லதோ தீயதோ என வழக்காடுவது நம் நோக்கமன்று. சொல்லைப் பரப்பும் கருவி மாறுந்தோறும் மாறாமல் எழும் வினா ஒன்றுண்டு. இச்சொல்லுக்குப் பொறுப்பேற்று நிற்பவர் யார்? இவ்வினாவைக் கையில் கொண்டு அண்மைக்கால நிகழ்ச்சிகளை வரிசையாக நோக்குவோம்.

2. அச்சும் பொறுப்பும்

தமிழ் நாட்டில் சொல்லைப் பெருக்கும் கருவியாக அச்சு வேரூன்றியதில் திருச்சபைக்குப் பெரும் பங்குண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கும் அவர்தம் உடன் ஊழியரும் நிறுவிய அச்சகத்தில் 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுமையும் அச்சாயின. 1818இல் சென்னையில் துண்டுப் பிரசுரச் சங்கம் தோன்றியது. கிறிஸ்தவர் கையாண்ட அதே படைக்கலத்தை மற்றவரும் விரைவில் ஏந்தினர். 1887இல் சென்னையில் தோன்றிய இந்து துண்டுப் பிரசுரச் சங்கம் அதற்குச் சான்று. ஒடுக்கப்பட்ட மக்களும் அச்சைத் தம் குரலாக்கினர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினர். இரண்டாவது இதழின் பெயரிலேயே அதன் விலை இடம்பெற்றிருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஏழையின் கைக்கெட்டும் கருவியே ஏழையின் இயக்கத்துக்கு உதவும். இன்று கைப்பேசி பெற்றுள்ள இடமும் அதுவே.

ஆனால் அச்சுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டம், இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருத்தல் வேண்டும் என விதித்தது. 2023இல் இயற்றப்பட்ட வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பெறும்வரை ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அது நடைமுறையில் இருந்தது. சுவரொட்டியின் அடியிலும் கல்யாணப் பத்திரிகையின் ஓரத்திலும் சிறு எழுத்தில் அச்சகத்தின் பெயரைக் காணும் வழக்கம் நம் அனைவர்க்கும் பழக்கமானதே. அந்நிய அரசு தன் அச்சத்தால் இயற்றிய சட்டமே அது. எனினும் அதனுள் ஓர் உண்மையும் அடங்கியிருந்தது. ஊருக்குள் அனுப்பப்படும் சொல்லுக்கு முகவரி இருந்தாக வேண்டும்.

அம்முகவரிக்குக் கொடுக்க வேண்டியிருந்த விலையும் சிறிதன்று. 1908இல் 'இந்தியா' இதழின் மீது அரசு நடவடிக்கை எடுத்தபோது, அதனை எழுத்தால் நடத்தி வந்த பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் கைதாகிச் சிறை புகுந்தார். பெயர் கொடுத்தவரே தண்டனை பெற்றார். இச்செய்தியை நினைவில் இருத்திக்கொள்வோம். கட்டுரையின் இறுதியில் இதற்கு மீண்டும் வருவோம்.

3. வெள்ளத்தின் நடுவே: 2015

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரை புரண்டது. மேற்குத் தாம்பரமும் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. விமான நிலையம் மூடப்பட்டது. அன்று காலை 'தி இந்து' நாளிதழ் சென்னையில் வெளிவரவில்லை. மறைமலை நகரிலுள்ள அச்சகத்துக்குத் தொழிலாளர் சென்று சேர இயலவில்லை. 1878இல் தோன்றிய அவ்விதழ் இவ்வாறு நின்றது அதுவே முதன்முறை. அச்சு வாய் மூடிய அந்நாளில் கைப்பேசியே செய்தித்தாளாயிற்று.

கல்லூரி மாணவரும் கணினித் துறை ஊழியரும் இல்லத்தரசியரும் ஒருவரையொருவர் அறியாமலே இணையத்தில் ஒன்றுகூடினர். அடைக்கலம் தர முன்வந்த இல்லங்கள், உணவு சமைக்கும் இடங்கள், படகு வைத்திருப்போர், மருந்து தேவைப்படுவோர் என அட்டவணைகள் உருவாயின. அருண் கணேஷ் என்னும் நிலப்பட வல்லுநரின் முயற்சியால், 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் பொது நிலப்படத்தின் மீது நீர் சூழ்ந்த தெருக்களைப் பொதுமக்களே குறிக்க வழி பிறந்தது.

இத்தொண்டில் மிகக் கடினமான பணி எது? செய்தியைப் பரப்புவதன்று, சரிபார்ப்பதே. மீட்கப்பட்டுவிட்ட குடும்பத்துக்காகப் படகு கோரும் செய்தி மறுநாளும் அதற்கடுத்த நாளும் சுற்றிக்கொண்டிருந்தது. முதலைப் பண்ணையினின்று முதலைகள் தப்பிவிட்டன என்ற வதந்தி பரவியது. பண்ணையினர் மறுக்க நேர்ந்தது. 250 சென்டிமீட்டர் மழை பெய்யும் என அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனம் அறிவித்ததாக ஒரு பொய்யும் உலவிற்று. இச்சூழலில் தொண்டர் சிலர் ஒரு முறையைக் கைக்கொண்டனர். ஒவ்வொரு வேண்டுகோளிலும் உள்ள எண்ணைத் தாமே அழைத்து, உண்மையென்று உறுதி செய்து, நேரத்தையும் குறித்து, அதன் பின்னரே பிறர்க்கு அனுப்பினர். தேவை நிறைவேறியதும் அச்செய்தியை முடித்துவைத்தனர். 1867ஆம் ஆண்டின் சட்டம் கட்டாயப்படுத்திக் கேட்டதை இவர்கள் அன்பினால் செய்தனர் எனலாம்.

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. மின்சாரம் நின்று கைப்பேசிகள் அணைந்த தெருக்களில் செய்தி செல்லவில்லை. அங்குச் சென்றவர் மனிதரே. தம் படகுகளைக் கொணர்ந்த மீனவரும், கோயில், பள்ளிவாசல், தேவாலயக் கதவுகளைத் திறந்துவைத்தவரும் அவ்விடைவெளியை நிரப்பினர். கைப்பேசி வழி காட்டியது, நடந்தவை கால்களே.

4. கடற்கரையில் முகமற்ற கூட்டம்: 2017

தாம்பரத்தினின்று கடற்கரைக்குச் செல்லும் மின்தொடர் வண்டிகள் 2017 ஜனவரி மூன்றாம் வாரத்தில் இளைஞரால் நிறைந்து வழிந்தன. உச்சநீதிமன்றம் 2014 மே 7 அன்று விதித்த ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து, ஜனவரி 17 அன்று மெரினாவில் மாணவர் கூடினர். எந்தக் கட்சியும் அழைக்கவில்லை; எந்தச் சங்கமும் சுவரொட்டி ஒட்டவில்லை. வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் சென்ற அழைப்பே அவர்களைக் கூட்டியது. இரவில் விளக்குகள் அணைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான கைப்பேசிகளின் ஒளி கடற்கரையைத் துலக்கியது. குப்பையைத் தாமே அகற்றி, பெண்கள் அச்சமின்றி இரவு தங்கும் சூழலை உண்டாக்கிய அக்கூட்டத்தின் ஒழுக்கம் நாட்டையே வியப்பில் ஆழ்த்தியது.

ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் பிறந்தது. அப்பொழுதுதான் முகமின்மையின் குறை வெளிப்பட்டது. இது போதுமா, நிரந்தரச் சட்டம் வரும்வரை இருக்க வேண்டுமா, கலைவதாயின் எவ்வாறு கலைவது என்று கூட்டத்தின் பெயரால் பேச உரிமை பெற்றவர் எவருமிலர். அறியப்பட்ட முகங்கள் சில விலகின, எஞ்சியோர் ஒருமனப்படவில்லை. 23 அன்று காலை காவல் துறை கூட்டத்தைக் கலைத்தது. அன்று மாலையே சட்டமன்றம் சட்டத்தை நிறைவேற்றிற்று. ஆயினும் அந்நாளின் வன்முறையில் அடிபட்டோரில் ஒரு பகுதியினர், ஓடி வந்த மாணவர்க்கு அடைக்கலம் தந்த கடற்கரைக் குப்பங்களின் மக்கள். நடுக்குப்பத்தின் மீன் சந்தை எரிந்தது. அழைப்பை அனுப்பியவர் பெயர் யார்க்கும் தெரியாது. விலை கொடுத்தவரின் முகவரியோ எல்லார்க்கும் தெரியும்.

இவ்விடத்தில் பிலிப்பீன்சு நாட்டின் வரலாறு ஒப்புநோக்கத் தக்கது. 1986 பிப்ரவரியில் மணிலாவின் பேராயர் கர்தினால் சின் வெரித்தாஸ் வானொலியில் தம் சொந்தக் குரலில் மக்களை வீதிக்கு அழைத்தார். மார்க்கோசின் ஆட்சி வீழ்ந்தது. 2001 ஜனவரியில் அதே வீதிக்கு மக்களை மீண்டும் திரட்டியதில் கைப்பேசிக் குறுஞ்செய்திகளுக்குப் பெரும் பங்குண்டு. அதிபர் எஸ்திராதாவின் ஆட்சியும் வீழ்ந்தது. இரண்டும் வென்றன. ஆனால் முன்னதில் அழைத்தவர் யார் என்பதைக் கொடுங்கோலனும் அறிவான். பின்னதில் செய்தி கை மாறிக் கை மாறிச் சென்றது. வேகத்தில் இரண்டாவது கருவி மேம்பட்டது. பொறுப்பில் முதலாவது மேம்பட்டது. இரண்டையும் இணைப்பது எங்ஙனம் என்பதே நம் தலைமுறையின் வினா.

5. 2018 மே: இரு படிப்பினைகள்

பொறுப்பற்ற சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 2018 மே மாதம் தமிழகம் கண்டது. பிள்ளை பிடிப்போர் வந்துவிட்டனர் என்னும் செய்தி வட மாவட்டங்களில் வாட்ஸ்அப் வழியே பரவிக்கொண்டிருந்தது. கோயில் வழிபாட்டுக்காகத் திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூருக்குச் சென்ற சென்னைக் குடும்பம் ஒன்று அவ்வதந்திக்கு இரையானது. பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த முதியவள் ஒருத்தி அடித்துக் கொல்லப்பட்டாள். அச்செய்தியை முதலில் எழுதியவன் யார் என்பதைவிட, பிறர்க்கு அனுப்பிய ஆயிரவரில் ஒருவர்கூட ‘இது உண்மையா’ எனக் கேட்கவில்லை என்பதே நெஞ்சைச் சுடுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் தம் பிள்ளைகளைக் காக்கும் நல்லெண்ணத்தால்தான் அனுப்பினர். நல்லெண்ணம் ஒன்றே உண்மைக்கு உத்தரவாதமாகாது.

நாடெங்கும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்த பின், 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இரு மாற்றங்களைச் செய்தது. பிறரிடமிருந்து பெற்று அனுப்பும் செய்தியின் தலையில் அதனைச் சுட்டும் ஒரு குறிப்பு இடப்பட்டது. இந்தியாவில் ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அவ்வாறு அனுப்ப இயலாதவாறு வரம்பும் வகுக்கப்பட்டது. பழைய அச்சுக் குறிப்பையும் இப்புதிய குறிப்பையும் ஒப்பிட்டால் உண்மை விளங்கும். அச்சுக் குறிப்பு ‘இதற்கு நான் பொறுப்பு’ என்றது. இதுவோ ‘இது என்னுடையதன்று’ என்று மட்டுமே சொல்லுகிறது.

அதே மே மாதத்தின் மறுபக்கம் தூத்துக்குடி. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை எதிர்த்த போராட்டத்தின் நூறாம் நாளாகிய மே 22 அன்றும் அதற்கடுத்த நாளும் காவல் துறை சுட்டதில் 13 பேர் மாண்டனர். மே 23 அன்றே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவையை ஐந்து நாளுக்கு அரசு நிறுத்தியது. வதந்தியைத் தடுக்கவே இது என்றது அரசு. வதந்தி நின்றதோ இல்லையோ, துயருற்றோர் தம் துயரைச் சொல்லும் வழியும் உடன் அடைபட்டது. 2020 ஜனவரி 10 அன்று காசுமீர் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில், இணையத்தைக் காலவரையின்றி நிறுத்துதல் ஏற்கத்தக்கதன்று என்றும், நிறுத்தும் ஆணைகள் வெளியிடப்பட வேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் உரைத்தது. அரசின் ஆணைக்கும் முகவரி வேண்டும் என்பதே அதன் உட்கிடக்கை.

ஆகவே 2018 மே நமக்கு இரு பாடங்களைக் கற்பிக்கிறது. பெயரற்ற சொல் கொல்லக்கூடும். சொல்லையே அடைப்பது அதற்கு மருந்தன்று.

6. சிட்லபாக்கம் ஏரி: 2019

மீண்டும் தாம்பரத்துக்கு வருவோம். 2015இல் மூழ்கிய சென்னை 2019 கோடையில் தாகத்தால் தவித்தது. நகருக்கு நீர் தரும் நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறத்தாழ வறண்டன. அவ்வமயம், தாம்பரம் சானடோரியத்தை அடுத்துள்ள சிட்லபாக்கத்தின் குடியிருப்போர் தம் ஏரியைத் தாமே தூர்வார இறங்கினர். 'சிட்லபாக்கம் ரைசிங்' என்னும் அமைப்பினர் ஏரியில் கழிவுநீர் கலப்பதையும் குப்பை கொட்டப்படுவதையும் படம் எடுத்து, சமூக ஊடகத்தில் இட்டு, அதிகாரிகளின் கவனத்துக்குக் கொணர்ந்து வந்தவர்கள். 2019 ஜூனில் அவர்கள் விடுத்த அழைப்பை ஏற்று நூற்றுக்கணக்கானோர் மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்கினர். விரைவில் அரசு அவ்வேரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் அறிவித்தது.

மெரினாவோடு ஒப்பிடுகையில் இது மிகச் சிறிய நிகழ்ச்சி. ஆயினும் வரலாற்று மாணவர் இதனைச் சிறிதென ஒதுக்கலாகாது. இங்கு அழைத்தவர் அண்டை வீட்டார். அழைக்கப்பட்ட இடம் கண்ணெதிரே உள்ள ஏரி. படத்தில் காட்டிய குப்பை உண்மையா என்பதை ஐந்து நிமிடம் நடந்து சென்று எவரும் சரிபார்க்கலாம். அழைத்தவர் வராவிடின் தெருவில் தலைகாட்ட முடியாது. கைப்பேசி அவர்களுக்கு உறவை உண்டாக்கவில்லை. இருந்த உறவுக்கு விரைவைக் கொடுத்தது. இயக்கம் வென்றதன் காரணம் இதுவே எனக் கருதலாம்.

7. குழுவில் இல்லாதோர்

ஆனால் இவ்வெற்றியையும் வினாவின்றி ஏற்க இயலாது. ஏரியைக் காக்கும் குழுவில் யார் உளர்? சொந்த வீடும் கைப்பேசியும் ஓய்வு நாளும் உடையோர். ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் குடிசை கட்டி வாழ்வோர் அக்குழுவில் பெரும்பாலும் இல்லை. அவர்களைக் குறிக்கும் சொல் மட்டும் அங்கு உண்டு: 'ஆக்கிரமிப்பாளர்'. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையினின்று அகற்றப்பட்ட குடும்பங்கள் பல, தாம்பரத்துக்குக் கிழக்கே பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டன. வேலையும் பள்ளியும் பழைய இடத்தில், வீடு தொலைவில். நீர்நிலையை அடைத்து எழுந்த பெரிய கட்டடங்கள் பல அசையாது நின்றன. மக்கள் இயக்கம் என்னும் பெயருக்குரிய இயக்கம், தன் குழுவில் இல்லாத மக்களைத் தேடிச் செல்ல வேண்டும். கைப்பேசித் திரையில் தோன்றாத முகங்களை வீடு வீடாகச் சென்று காண்பதில் ஆயர் தொழிலுக்கு நெடும் பழக்கம் உண்டன்றோ?

8. பெயர் கொடுத்தல்

‘சொல்லுக்குப் பெயர் வேண்டும் என்கிறீர், எளியவன் பெயர் கொடுத்தால் அவன் வேலை போகும், குடிசை போகும், உயிரும் போகலாமே’ என்று வாசகர் வினவக்கூடும். நியாயமான வினா. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின்கீழ் முகநூலில் ஒரு வரி எழுதியதற்காகவும் மக்கள் கைதாயினர். 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது. 2021ஆம் ஆண்டின் விதிகளோ, ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய வழி இருக்க வேண்டும் எனப் பெரிய நிறுவனங்களைப் பணித்தன. வாட்ஸ்அப் அதனை எதிர்த்துத் தில்லி உயர்நீதிமன்றம் சென்றது. அரசு வற்புறுத்திப் பெறும் பெயர் வேறு, ஒருவர் தாமே முன்வந்து கொடுக்கும் பெயர் வேறு. முன்னது கண்காணிப்பு, பின்னது சாட்சி. நாம் வேண்டுவது பின்னதையே.

இவ்விடத்தில்தான் 1908இல் சிறை சென்ற சீனிவாசனை நினைவுகூர வேண்டும். எழுதுபவர் பெயர் கொடுக்க இயலாதபோது, கொடுக்கக்கூடியவர் ஒருவர் தம் பெயரைக் கொடுத்தார். ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்தைக் கெங்கிரேயாவின் பெபேயாள் சுமந்து சென்றிருப்பாள் என்பது அறிஞர் பலர் கருத்து. அக்காலத்தில் மடலைச் சுமந்தவர் பலர் அதனைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடவில்லை. கேட்போர் நடுவில் நின்று, ஐயங்களுக்கு விடை கூறி, அதற்குப் பொறுப்பேற்றதும் உண்டு. பெறுநர் அவளை ஏற்றால் சொல்லை ஏற்பர். தள்ளினால் அவளையும் தள்ளுவர்.

ஆயர்க்கும் இறையியல் மாணவர்க்கும் இதனின்று எழும் கடமைகள் தெளிவானவை. அழைத்துக் கேளாத செய்தியைச் சபைக் குழுவில் இடலாகாது. இட்ட செய்தி பொய்யெனத் தெரிந்தால் அதே குழுவில் பெயர் சொல்லி மறுத்தல் வேண்டும். போராட்டத்துக்கு மற்றவரை அழைப்பவர் அக்களத்தில் முதலில் நிற்றல் வேண்டும். பெருங்கடமை இன்னொன்று உண்டு. ஏரிக்கரைக் குடிசையினின்றும் பெரும்பாக்கத்து மாடியினின்றும் வரும் குறை, பெயரிட அஞ்சி நிற்கையில், நேரில் சென்று கண்டு, உண்மையென்று தேர்ந்து, ‘இதனை நான் அறிவேன், என்னைக் கேளுங்கள்’ என்று தம் பெயரை அடியில் எழுதுதல். பட்டமும் அங்கியும் நிறுவனத்தின் அரவணைப்பும் உடையவர் பெயருக்கு, இவை ஏதுமற்றவர் பெயரைவிடக் காப்பு மிகுதி. அக்காப்பைச் செலவிடாது சேமித்து வைப்பதற்காக அது நமக்குக் கொடுக்கப்படவில்லை.

தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சியாயிற்று. சிட்லபாக்கமும் அதனுள் அடங்கியது. இனி வரும் மழைக்காலங்களிலும் முடிச்சூரின் தெருக்களினின்று வேண்டுகோள்கள் வரும். கருவிகள் இன்னும் விரைவாகும். பொய்யை மெய்போல் காட்டும் படங்களும் குரல்களும் பெருகிவிட்ட இந்நாளில், செய்தியின் தோற்றத்தைக் கொண்டு அதன் உண்மையை அறிய இயலாது. அதனைச் சொன்னவரை அறிந்தே அறிய இயலும். அடுத்த வேண்டுகோள் நம் கைப்பேசிக்கு வரும்போது, அதனை ஐவர்க்கு அனுப்புமுன் அதிலுள்ள எண்ணை ஒருமுறை அழைப்போமாக.